ஒரு ராணியின் வயிறும் ஒரு வம்சத்தின் முடிவும்

செர்பிய ராஜ வம்சத்துக்கும் உங்களுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

1903 ஜூன் 11, நள்ளிரவு தாண்டிய நேரம். பெல்கிரேடு அரண்மனையில் மின்விளக்குகள் அணைந்துவிட்டன. கதவுகளை டைனமைட் வைத்துத் தகர்த்து உள்ளே வந்த ராணுவ அதிகாரிகள், கையில் மெழுகுவர்த்தியோடு தங்கள் சொந்த ராஜாவையும் ராணியையும் அறை அறையாகத் தேடுகிறார்கள். ஏறக்குறைய ரெண்டு மணி நேரத் தேடல். படுக்கையறையை ஒட்டிய ஒரு சின்ன அறையில் இருவரும் ஒளிந்திருந்தார்கள்.

கண்டுபிடித்தார்கள். சுட்டார்கள். செத்த பிறகும் வாளால் வெட்டினார்கள். உடல்களை ஜன்னல் வழியே தோட்டத்தில் வீசினார்கள்.

ராஜா அலெக்சாண்டர் ஒப்ரெனோவிச்சுக்கு அப்போது வயது 26. குழந்தை இல்லை. 1815-ல் எழுந்த ஒப்ரெனோவிச் வம்சம் அந்தத் தோட்டத்துப் புல்தரையில் முடிந்துபோனது.

இந்தக் கொலைக்கு அன்றைக்கு ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட காரணம் என்ன தெரியுமா? "ராணி திராகா கர்ப்பம்னு பொய் சொல்லி நாட்டையே ஏமாத்தினா." இன்றைக்கும் சரித்திரக் கதை சொல்பவர்கள் இதைத்தான் மசாலா தடவிச் சொல்கிறார்கள்.

நான் இதை ஏற்கவில்லை. அவர் பொய் சொன்னார் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் மருத்துவத்தைக் கொஞ்சம் கேட்கணும். அவர் பொய்யே சொல்லியிருந்தாலும், அந்த வம்சத்தைக் கவிழ்த்தது அவர் வயிறு இல்லை. ஏன்னு சொல்றேன்.

முதலில் இவங்க யாருன்னு பார்த்துடலாம்.

செர்பியா அப்போது துருக்கி சுல்தானின் ஆட்சிக்குள் இருந்த நாடு. 1804-ல் கராஜோர்ஜெ (பெயருக்குக் கறுப்பு ஜார்ஜ் என்று பொருள்) தலைமையில் முதல் கிளர்ச்சி. 1813-ல் அது நசுக்கப்பட, அவர் ஆஸ்திரியாவுக்குத் தப்பினார். 1815-ல் தாக்கோவோ என்ற ஊரில் ரெண்டாவது கிளர்ச்சியைத் தொடங்கியவர் மிலோஷ் ஒப்ரெனோவிச். எழுதப் படிக்கத் தெரியாது. ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, கால்நடை வியாபாரத்தில் கைதேர்ந்தவர். எப்போ சண்டை போடணும், எப்போ பேரம் பேசணும் என்று தெரிந்த ஆள். பெரும்பாலும் பேரத்திலேயே காரியத்தை முடித்தார்.

1817-ல் கராஜோர்ஜெ ரகசியமாக நாடு திரும்பினார். தூக்கத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். செய்யச் சொன்னது மிலோஷ். வெட்டிய தலை சுல்தானுக்கு அனுப்பி வைக்கப்பட்டது.

இந்த இடத்தை நினைவில் வைச்சுக்கோங்க. ரெண்டு குடும்பங்களுக்கு இடையில் எண்பத்தாறு வருஷம் ஓடிய பகை இங்கேதான் ஆரம்பம்.

1830-ல் சுல்தான் மிலோஷை வம்சப் பரம்பரை உரிமையுள்ள இளவரசராக அங்கீகரித்தார். நாட்டையே தன் தோட்டம் மாதிரி நடத்தினார் மனுஷன். 1839-ல் ஜனங்களும் பெரிய மனிதர்களும் சேர்ந்து அவரைப் பதவி விலக வைத்தார்கள்.

இனி டாக்டர் பார்வையில் பாருங்க. இந்த வம்சத்தில் ஆட்சி செய்தவர்கள் மொத்தம் ஐந்தே பேர். அந்த ஐந்து பேரின் டெத் சர்டிபிகேட்டை வரிசையாக வைத்தாலே பாதிக் கதை புரிஞ்சிடும்.

மிலோஷ், 1860, வயோதிகம். படுக்கையில் இயற்கையாகச் செத்தார். அதுவும் இருபது வருஷம் வெளியே இருந்துவிட்டு, 1858-ல் மறுபடி அரியணைக்கு வந்த பிறகு.

மூத்த மகன் மிலான், 1839, காசநோய். வயது 19. அப்பா விலகியதும் இவர் பெயரைத்தான் அறிவித்தார்கள், ஒரு மாதம்கூட ஆகாமல் இறந்துவிட்டார். ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்க இன்னும் 43 வருஷம் இருந்த காலம். பேரு தெரியாத எதிரியிடம் தோற்ற ராஜா.

இளைய மகன் மிஹாய்லோ, 1868, துப்பாக்கிச் சூடு. பெல்கிரேடு அருகே கோஷுட்ன்யாக் பூங்காவில் உறவினர்களோடு நடந்துபோகும்போது கொன்றார்கள். என்னைக் கேட்டால் ஒப்ரெனோவிச்களில் உருப்படியான ஆட்சியாளர் இவர்தான். அதற்கு முந்தைய வருஷம்தான் செர்பியக் கோட்டைகளிலிருந்து துருக்கிப் படைகளைச் சண்டை இல்லாமலே வெளியேற வைத்திருந்தார்.

அவருக்குச் சட்டப்படியான வாரிசு இல்லை. அதனால் மிலோஷின் தம்பி வழிப் பேரன் மிலானை, பாரிஸில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த 13 வயசுப் பையனை, கூட்டி வந்து அரியணையில் உட்கார வைத்தார்கள். கவனிச்சீங்களா? திராகாவுக்கு முப்பது வருஷம் முன்னாடியே இந்த வம்சம் வாரிசுக்குத் தடவிக்கொண்டிருந்தது.

இந்த ரெண்டாவது மிலான் காலத்தில்தான் 1878 பெர்லின் மாநாட்டில் செர்பியா முழுச் சுதந்திர நாடானது. 1882-ல் இளவரசர் என்ற பட்டம் போய் ராஜா ஆனார். 1885-ல் பல்கேரியாவோடு தேவையில்லாத போருக்குப் போய் ஸ்லிவ்னிட்சாவில் செம அடி வாங்கினார். வீட்டுக்குள்ளேயும் போர். மனைவி நடாலியாவோடு நடந்த சண்டை ஐரோப்பாவே வேடிக்கை பார்த்த சண்டை. 1888-ல் ஜெர்மனியில் நடாலியாவோடு இருந்த மகனைப் போலீஸை விட்டுத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவர வைத்தார்.

அந்தப் பையன்தான் அலெக்சாண்டர். அப்போது வயது 11.

மறு வருஷம் அப்பா ஒரு தாராளமான அரசியல் சாசனத்தைக் கொடுத்துவிட்டு, 34 வயதில் "நான் விலகுறேன்"னு கிளம்பிட்டார். 12 வயசுப் பையன் ராஜா. அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நடுவில் மூன்று ஆட்சிப் பொறுப்பாளர்கள். ஒரு குழந்தைநல மருத்துவரிடம் இந்தக் குடும்பச் சூழலைச் சொன்னால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

பதினாறு வயதில் அந்தப் பொறுப்பாளர்களை அரண்மனைக்கு விருந்துக்கு அழைத்து, சாப்பாட்டு மேஜையிலேயே கைது செய்தான் பையன். "இனி நான் மேஜர்." அடுத்த வருஷம், 1894-ல், அப்பா கொடுத்த சாசனத்தை ரத்து செய்துவிட்டுப் பழைய 1869 சாசனத்தைக் கொண்டுவந்தான்.

இந்த சாசனத்தையும் நினைவில் வைச்சுக்கோங்க. கடைசியில் திரும்ப வரும்.

இப்போ திராகா.

திராகா மாஷின். ஒரு பொறியாளரின் விதவை. ராஜாவின் தாய் நடாலியாவிடம் தோழியாக இருந்தவர். ராஜாவைவிட சுமார் பத்து வயதாவது மூத்தவர். நடாலியா பிரான்ஸின் பியாரிட்ஸ் கடற்கரையில் இருந்தபோது அங்கே பழக்கம். 1900 ஜூலையில் "இவரைத்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்" என்று ராஜா அறிவிக்க, மந்திரிசபையே ராஜினாமா செய்தது. அப்போது பிரதமராக இருந்தவர் விளாடன் ஜோர்ஜெவிச். வியன்னாவில் பயின்ற அறுவை சிகிச்சை மருத்துவர், 1872-ல் செர்பிய மருத்துவச் சங்கத்தை நிறுவியவர்களில் முக்கியமானவர். (நம்ம ஆளுங்க எல்லா இடத்துலயும் இருக்காங்க!) உள்துறை மந்திரியாக இருந்த கென்சிச் வாயை அடக்காமல் பேசி ஜெயிலுக்கே போனார். பின்னாளில் அவரும் சதிகாரர்களோடு சேர்ந்தார். அப்பா மிலான் மறுபடி நாட்டுப் பக்கம் வரவே இல்லை. 1901 பிப்ரவரியில் வியன்னாவில் நிமோனியாவில் இறந்தார். டெத் சர்டிபிகேட் நம்பர் நான்கு.

விதவை, வயதில் மூத்தவர், ராஜ ரத்தம் இல்லை. இதோடு, "அவளுக்குக் குழந்தை பிறக்காது" என்ற வதந்தியும் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஊரில் உலாவியது. இப்படி ஒரு பெண் புகுந்த வீட்டுக்குள் காலடி எடுத்து வைக்கிறார் என்று யோசிங்க. புகுந்த வீடுன்னா இங்கே ஒரு முழு நாடு.

1900 ஆகஸ்டில் திருமணம். கொஞ்ச நாளிலேயே ராணி கர்ப்பம் என்று அதிகாரபூர்வ அறிவிப்பு. பார்த்து உறுதி சொன்னவர் ஒரு பிரெஞ்சு மருத்துவர். ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸ்தான் இந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் ஸ்தானத்தில் இருந்தவர், நேரில் வராமல் பிரதிநிதி மூலமாக. 1901 வசந்த காலத்தில், பிரசவம் நெருங்க வேண்டிய நேரத்தில், ரஷ்யாவிலிருந்து மகப்பேறு நிபுணர்கள் வந்து பரிசோதித்தார்கள்.

கர்ப்பம் இல்லை.

அவ்வளவுதான். ஊர் பற்றிக்கொண்டது. "தங்கச்சி பிள்ளையைத் தன் பிள்ளைன்னு காட்டத் திட்டம் போட்டா" என்றார்கள். ரஷ்ய அரண்மனை அதற்குப் பிறகு இந்தத் தம்பதியை வரவேற்க மறுத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது.

இங்கேதான் நான் உள்ளே வரேன்.

பொய்க் கர்ப்பம் என்று ஒரு நிலை இருக்கு. சூடோசயேசிஸ் என்போம். "பொய்" என்ற சொல்லால் குழம்பாதீங்க, அந்தப் பெண் பொய் சொல்வதில்லை. மாதவிடாய் நிற்கும். வயிறு பெருக்கும். மார்பகம் கனக்கும், சிலருக்குப் பால்கூடச் சுரக்கும். வாந்தி வரும். வயிற்றுக்குள் குழந்தை உதைப்பதுகூடத் தெரியும். கர்ப்பப்பை மட்டும் காலியாக இருக்கும்.

எப்படி? குழந்தை வேணும் என்ற தீராத ஏக்கமோ, பெரும் பயமோ, நீண்ட மன அழுத்தமோ மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிகளின் ஒழுங்கைக் குலைக்கும். ப்ரோலாக்டின் போன்ற ஹார்மோன்கள் ஏறலாம், கருமுட்டை வெளிவருவது நிற்கலாம். குடலில் வாயு, முதுகை வளைத்து நிற்கும் தோரணை, கொழுப்பு எல்லாம் சேர்ந்து வயிற்றை முன்தள்ளும். குடல் அசைவு குழந்தையின் அசைவாகத் தெரியும். மனசு சொல்வதை உடம்பு நம்பிவிடுகிறது.

திராகாவுக்கு 350 வருஷம் முன்னால், 1554-55-ல், இங்கிலாந்து ராணி முதலாம் மேரிக்கும் இதேதான் நடந்தது. பிரசவ அறைக்குள் போய் மாதக்கணக்கில் காத்திருந்தார். குழந்தை வரவில்லை. அவருக்கும் அதே நிலைமைதான்: வாரிசு கொடுத்தே ஆகணும், நாடே வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கு.

"சரி டாக்டர், பிரெஞ்சு டாக்டர் எப்படிச் சார் ஏமாந்தார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்று ஐம்பது ரூபாய் கிட்டில் சிறுநீர் ரெண்டு சொட்டு விட்டால் ரெண்டு கோடு சொல்லிவிடும். 1900-ல் அந்த வசதி எதுவும் கிடையாது. சிறுநீரை எலிக்கு ஊசி போட்டுக் கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கும் முதல் நம்பகமான சோதனையே 1920-களின் கடைசியில்தான் வந்தது. வயிற்றில் ஸ்கேன் என்பது 1958-க்குப் பிறகு வந்த சங்கதி. ஆரம்ப மாதங்களில் நோயாளி சொல்வதையும் கைக்குத் தட்டுப்படுவதையும் வைத்துத்தான் சொல்லியாகணும். கர்ப்பப்பையில் ஒரு கட்டி இருந்தால்கூடக் கை ஏமாறும். அதுவும் எதிரே படுத்திருப்பது ராணி, பக்கத்தில் நிற்பது ராஜா என்றால்? "இல்லம்மா, ஒண்ணும் இல்லை" என்று சொல்லும் தைரியம் எத்தனை டாக்டருக்கு வரும்? எனக்கு வந்திருக்குமா என்று சத்தியமா தெரியலை.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு அம்மா வந்தார். ஏழு மாசம் என்றார். வயிறும் அப்படித்தான் இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷம். வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. ஸ்கேனில் கர்ப்பப்பை காலி. மேடம் மெதுவாகச் சொன்னபோது அந்த அம்மா அழவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வெளியில உக்காந்திருக்கிற அத்தைகிட்ட யாரு சொல்றது?"

திராகாவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் காதில் விழும்.

அவர் நடித்தாரா, நம்பினாரா என்பதில் சரித்திரம் எழுதுபவர்கள் இன்றுவரை ரெண்டு கட்சி. இவ்வளவு அழுத்தத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு இந்த நிலை வருவது மருத்துவத்துக்கு ஆச்சரியமே இல்லை என்பது என் கட்சி. நடிப்பவர், கண்டுபிடிக்கக்கூடிய நிபுணர்கள் கையில் தன் வயிற்றைக் கொடுப்பாரா?

இன்னொண்ணு. இவ்வளவு பேசிய ஊர், ராஜாவைப் பற்றி வாய் திறக்கலை. குழந்தை இல்லை என்றால் அது ராணியின் குறை, அவ்வளவுதான். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணின் பங்கும் இருக்கு என்பது இன்றைக்கு எங்களுக்குப் பாலபாடம். ஆனாலும் இன்றும் கிளினிக்குக்கு முதலில் தனியாக வந்து உட்காருவது மனைவிதான். "அவருக்கு ஒண்ணும் இருக்காது டாக்டர்" என்று அவரே சொல்வார். விந்துப் பரிசோதனை எளிது, செலவு குறைவு, வலி கிடையாது. முதல் நாளே ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. (சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது.)

சரி, வம்சத்தை யார்தான் கவிழ்த்தது?

ராஜா செய்ததைப் பாருங்க. ஒரு சாசனத்தை ரத்து செய்தார். 1901-ல் இன்னொன்றைக் கொடுத்தார். 1903 வசந்தத்தில், பெல்கிரேடு தெருக்களில் ஊர்வலம் போனவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. அதே சமயத்தில், தான் கொடுத்த அந்த சாசனத்தையே ஒரு ராத்திரி ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக நிறுத்தி வைத்தார். அந்த இடைவெளியில் பிடிக்காத செனட்டர்களையும் நீதிபதிகளையும் நீக்கிவிட்டு, மறுபடி சாசனத்துக்கு உயிர் கொடுத்தார். ஒரு நாட்டின் சட்டத்தைச் சுவிட்சு மாதிரி அணைத்துப் போட்ட ராஜா! ராணுவத்துக்குச் சம்பளம் பாக்கி. போதாததற்கு, ராணியின் தம்பியை வாரிசாக்கப் போகிறார் என்ற வதந்தி வேற.

சதி தொடங்கியது 1901-ல், இளம் அதிகாரிகளிடையே. அவர்களில் ஒருவர் திராகுதின் திமித்ரியெவிச், பட்டப்பெயர் ஆபிஸ். அந்த ராத்திரி அரண்மனைக்குள் சண்டையில் மூன்று குண்டுகள் வாங்கினார், அவை கடைசிவரை உடம்பிலேயே இருந்தன. (தொந்தரவு தராத இடத்தில் இருந்தால் குண்டை எடுக்காமல் விடுவதை இன்றும் செய்கிறோம்.) பதினோரு வருஷம் கழித்து சரயேவோ படுகொலைக்குப் பின்னால் இருந்தவரும் இதே ஆள்தான். சதித் தலைவர்களில் இன்னொருவர் கர்னல் மாஷின், திராகாவின் முதல் கணவரின் சொந்தச் சகோதரர்.

அன்று ராத்திரி ராணியின் ரெண்டு தம்பிகளையும் கொன்றார்கள். பிரதமரையும் போர் மந்திரியையும் அவரவர் வீட்டிலேயே சுட்டார்கள். இதெல்லாம் "ராணி ஏமாத்தினா" என்ற கோபத்தில் வருவதில்லை. ஒரு ஆட்சியை வேரோடு பிடுங்க நினைப்பவர்கள் பட்டியல் போட்டுச் செய்யும் வேலை. திராகாவின் வயிறு அவர்களுக்குக் கிடைத்த வசதியான சாக்கு. அரசியல் சாசனத்தை அணைத்ததைப் பற்றி டீக்கடையில் பேச எத்தனை பேர் வருவாங்க? ஒரு பெண்ணின் கர்ப்பத்தைப் பற்றின்னா கூட்டம் கூடும்.

பழைய செர்பிய நாள்காட்டியில் மிஹாய்லோ கொல்லப்பட்டது மே 29. அலெக்சாண்டர் கொல்லப்பட்டதும் மே 29. சரியாக முப்பத்தைந்து வருஷம்.

அடுத்து அரியணைக்கு வந்தவர் பீட்டர் கராஜோர்ஜெவிச். ஆமாங்க, 1817-ல் தலை வெட்டப்பட்டவரின் பேரன். இளமையில் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலை செர்பிய மொழிக்குக் கொண்டுவந்த மனுஷன். பெல்கிரேடில் கொடி கட்டிக் கொண்டாடினார்கள். பிரிட்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு 1906 வரைக்கும் தூதரக உறவையே வைத்துக்கொள்ளவில்லை.

புது ஆட்சி வந்ததும் ஒரு அரசியல் சாசனம் கொண்டுவந்தது. எது தெரியுமா? அப்பா மிலான் கொடுத்து, மகன் ரத்து செய்த அதே 1888 சாசனம்தான், சின்னச் சின்னத் திருத்தங்களோடு.

கொலை நடந்த அந்தப் பழைய அரண்மனையை 1904-ல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஒளிந்திருந்த அந்தச் சின்ன அறையும் அதோடு போச்சு. அலெக்சாண்டரும் திராகாவும் பெல்கிரேடு புனித மாற்கு தேவாலயத்தில் ஒன்றாகக் கிடக்கிறார்கள். அவர் கூடவே சாகும்வரை நின்றவர், குழந்தை பெற்றுத் தரலைன்னு ஊர் திட்டிய அந்தப் பெண் மட்டும்தான்.